வலப்பக்கம் தள்ளினால் கீழே குனியும் பந்து

லாஸ்பேட்டையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேள்வி அனுப்பியிருக்கிறார். ஹெலிபேட் மைதானத்தில் மாலை கிரிக்கெட் முடிந்து வெளிச்சம் போனதும், நண்பர்கள் வட்டமாக உட்கார்ந்து கைப்பேசியில் பார்ப்பது அமெரிக்கக் கல்லூரிகளின் ஃபுட்பால் வீடியோக்களாம். காலால் உதைக்கிற ஃபுட்பால் இல்லை. தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, இரண்டு முனையும் கூரான பந்தைக் கையால் எறிந்து ஆடுகிற ஆட்டம். எறிபவருக்கு குவார்ட்டர்பேக் என்று பெயர். “எறியும்போது பந்தின் மூக்கு வானத்தைப் பார்க்கிறது. இறங்கும்போது தரையைப் பார்க்கிறது. நடுவழியில் அதைத் திருப்பியது யார்? எல்லாம் அவன் கைவித்தை என்கிறார்கள் நண்பர்கள். நிஜமா சார்?”

நிஜமில்லை. விரலை விட்டுப் போன பந்துக்கு எந்தக் கையும் உத்தரவு போட முடியாது. ஆனால் இந்தப் பதிலோடு நிறுத்தினால் கேள்வியின் அழகு கெட்டுவிடும்.

முதலில் அந்தக் கைகளைச் சுற்றி நடக்கும் ஆரவாரத்தைப் பார்த்துவிடலாம். டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆர்ச் மேனிங் இதற்கு நல்ல உதாரணம். தாத்தா ஆர்ச்சி, சித்தப்பாக்கள் பெய்ட்டன், ஈலை என்று வீடு முழுக்க குவார்ட்டர்பேக்குகள். பையன் முழுப் பருவம் ஒன்றை ஆடி முடிப்பதற்கு முன்பே, அவன் எறியும் பந்தைப் பற்றி ரசிகர்கள் புராணம் பாடத் தொடங்கிவிட்டார்கள். 2025 பருவம் தொடங்குமுன் வந்த தரவரிசையில் டெக்சஸுக்கு முதலிடம். ஆகஸ்ட் 30 அன்று முதல் ஆட்டத்தில் ஒஹையோ ஸ்டேட் அணியிடம் 14-7 என்று தோற்றார்கள். புராணம் பாடியவர்களில் பாதிப் பேர் மறுநாளே ஒப்பாரிக்கு மாறினார்கள். இரண்டு கூட்டமும் பேசியது கையைப் பற்றித்தான். காற்றைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஆரவாரம் நமக்கும் புதிதல்ல. 2012இல் புனேயில் எலைட் ஃபுட்பால் லீக் ஆஃப் இந்தியா என்று இதே ஆட்டத்தை இறக்குமதி செய்தார்கள். கர்ட் வார்னர் போன்ற பழைய குவார்ட்டர்பேக்கும், ஹாலிவுட் நடிகர் மார்க் வால்பெர்க்கும் பணம் போட்டார்கள்; இலங்கையிலிருந்து கொழும்பு லயன்ஸ் என்ற அணியும் வந்தது. அடுத்த பெரிய விளையாட்டு இதுதான் என்றார்கள். ஹெலிபேட் மைதானத்தில் இன்றும் மூன்று ஸ்டம்புதான் நிற்கிறது.

சரி, பந்துக்கு வருவோம். அதன் எடை 400 கிராமுக்குச் சற்றே மேல், நீளம் 28 செ.மீ. அளவில். நல்ல குவார்ட்டர்பேக் எறிந்தால் மணிக்கு 80, 90 கி.மீ. வேகத்தில் கிளம்பும். கிளம்பும்போதே தன் நீள அச்சைச் சுற்றி நிமிடத்துக்கு ஏறத்தாழ 600 முறை, அதாவது நொடிக்குப் பத்து முறை சுழலும். சுழல்கிற பொருள் தன் அச்சின் திசையை விட்டுக்கொடுக்காது என்பது பள்ளிக்கூடப் பாடம். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. அந்தப் பாடத்தின்படி வானத்தைப் பார்த்துக் கிளம்பிய மூக்கு கடைசிவரை வானத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்; பந்து வால் தரையில் இடிக்க வந்து விழ வேண்டும். காற்றே இல்லாத நிலாவில் எறிந்தால் அப்படித்தான் விழும். பூமியில் மட்டும் மூக்கு வளைகோட்டை ஒட்டி ஒழுங்காகக் குனிகிறது.

காற்று மூக்கைக் கீழே தள்ளுகிறது என்று சொல்லிவிட்டுப் போகலாமே என்பீர்கள். ஈட்டியைப் பொறுத்தவரை அந்த விடை சரி. 1984இல் கிழக்கு ஜெர்மனியின் உவே ஹோன் 104.80 மீட்டர் எறிந்தபோது, இப்படியே போனால் மைதானம் போதாது என்று அதிகாரிகள் பயந்தார்கள். 1986 முதல் ஆண்களுக்கான ஈட்டியின் எடைமையத்தை 4 செ.மீ. முன்னால் நகர்த்தினார்கள். அதன்பின் காற்றின் தள்ளல் எடைமையத்துக்குப் பின்னால் விழுந்தது. வால் தூக்க, மூக்கு தானாகக் குனிந்தது. 2025இல் தோஹாவில் நீரஜ் சோப்ரா 90.23 மீட்டர் எறிந்தது இந்தப் புதிய ஈட்டியைத்தான்.

ஃபுட்பாலின் கதை இதற்கு நேர் எதிர். காற்றின் தள்ளல் பந்தின் நடுவுக்கு முன்னால், மூக்குப் பக்கமாக விழுகிறது. மூக்கு கொஞ்சம் மேலே பார்த்தால் காற்று அதை இன்னும் மேலே தூக்கும். சுழலாத பந்தை எறிந்தால் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டு போவது இதனால்தான். ஆக, காற்று தள்ளுவது மேல்நோக்கி. மூக்கு போவதோ கீழ்நோக்கி. இந்த முரணை அவிழ்க்கப் பம்பரம் விட்ட அனுபவம் வேண்டும்.

சாய்ந்து சுழலும் பம்பரத்தை நினைத்துப் பாருங்கள். புவியீர்ப்பு அதன் தலையைக் கீழே இழுக்கிறது. தலை விழுகிறதா? இல்லை, பக்கவாட்டில் நகர்கிறது. நகர்ந்து நகர்ந்து ஒரு வட்டம் போடுகிறது. சுழலும் பொருளின் குணமே இந்த வீம்புதான். ஒரு திசையில் தள்ளினால் அந்தத் திசையில் போகாது. அது எந்தப் பக்கமாகச் சுழல்கிறதோ அந்தப் பக்கமாகக் கால் சுற்று தள்ளிப் போகும்.

இதை அப்படியே பந்துக்குப் பொருத்துங்கள். வலக்கைக்காரர் எறியும் பந்து, எறிபவரின் பின்னாலிருந்து பார்த்தால், கடிகார முள் திசையில் சுழலும். பந்தின் பாதை புவியீர்ப்பால் மெல்ல வளைந்து இறங்குகிறது. மூக்கு இன்னும் பழைய திசையிலேயே இருப்பதால் பாதைக்குச் சற்று மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது. எதிர்க்காற்று அடியில் பட்டு மூக்கை மேலே தள்ளுகிறது. மேலே என்பது கடிகாரத்தில் பன்னிரண்டு மணி; அங்கிருந்து கால் சுற்று தள்ளினால் மூன்று மணி. ஆகவே மூக்கு மேலே போகாமல் வலப்பக்கம் திரும்புகிறது. இப்போது காற்று மூக்கின் இடப்பக்கத்தில் பட்டு, அதை இன்னும் வலப்பக்கமாகத் தள்ளுகிறது. மூன்று மணியிலிருந்து கால் சுற்று தள்ளினால் ஆறு மணி. மூக்கு கீழே குனிகிறது!

தள்ளியது மேலே, போனது வலப்பக்கம். தள்ளியது வலப்பக்கம், போனது கீழே. மூக்கைத் தரைப்பக்கம் திருப்பியது அதைத் தரைப்பக்கம் தள்ளாத ஒரு விசை. இயற்பியலில் இவ்வளவு குறும்பான இடங்கள் அதிகம் இல்லை என்பது என் கட்சி. இடக்கைக்காரர் எறிந்தால் எல்லாம் கண்ணாடியில் பார்த்த மாதிரி மாறும்: பன்னிரண்டு, ஒன்பது, ஆறு. முடிவில் மூக்கு அதே தரையைத்தான் பார்க்கும்.

இந்த விளக்கத்தைப் பிசிறில்லாமல் எழுதி, எளிய கணக்கோடு வெளியிட்டவர்கள் ரிச்சர்ட் பிரைஸ், வில்லியம் மாஸ், டிமத்தி கே ஆகிய மூன்று அமெரிக்க இயற்பியலாளர்கள். 2020இல் அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் ஃபிசிக்ஸ் இதழில் வந்தது. புதிய விதி எதையும் அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. அப்போது வந்த செய்தித் தலைப்புகள் அப்படித் தொனித்தன என்பது வேறு விஷயம். துப்பாக்கிக் குண்டுகளைப் பற்றிப் பீரங்கி நிபுணர்களுக்கு வெகுகாலமாகத் தெரிந்ததுதான் இது. சுழன்று போகும் குண்டு வலப்பக்கம் விலகுவதைக் கணக்கில் சேர்த்துத்தான் அவர்கள் குறிவைப்பார்கள். அந்தப் பழைய அறிவு ஆட்டக்களத்துக்கு வந்து சேர இவ்வளவு நாள் ஆனதுதான் வேடிக்கை.

வரலாறு இல்லாமல் கட்டுரையை விடமாட்டார்கள், அதனால் ஒரு பத்தி. 1905இல் களத்தில் நடந்த சாவுகளைப் பார்த்து அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டே தலையிட்டார். கும்பலாக மோதுவதைக் குறைக்க, 1906இல் பந்தை முன்னோக்கி எறிய அனுமதித்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 5 அன்று செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தின் பிராட்பரி ராபின்சன் விதிப்படியான முதல் வீச்சை எறிந்தார், யாரும் பிடிக்கவில்லை. பந்து அன்று இன்னும் பருமன். எறிவதற்கு வாகாக அதை ஒல்லியாக்கியது 1930களில். போதும்.

மீண்டும் பம்பரம். சாட்டை செய்கிற வேலையைப் பந்தில் விரல்கள் செய்கின்றன. பந்தின் மேலிருக்கும் தையல் கயிற்றில் விரல் பதித்து, விடும் கணத்தில் வலப்பக்கத்தைக் கீழே வழித்து இழுக்கிறார்கள். சாட்டையை நேராக இழுக்கத் தெரியாதவன் விட்ட பம்பரம் தலையாட்டிக்கொண்டே போகும் அல்லவா, விரல் பிசகிய பந்தும் அப்படியே தலையாட்டும். தரையில் நிற்கிற பம்பரத்தைச் சாட்டையில் கொத்தி அபீட் எடுத்துக் காற்றிலேயே பிடிப்பவன்தான் இங்கே ரிசீவர். அப்படியானால் வட்டத்துக்குள் கிடந்து ஆக்கர் வாங்கும் பம்பரம் யார் என்று கேட்டால், குவார்ட்டர்பேக் என்றே சொல்வேன். பந்து கையில் இருக்கும்வரை எதிரணியினர் பாய்ந்து விழுவது அவர்மேல்தானே. (ஆணியைப் பற்றிக் கேட்காதீர்கள். பந்துக்கு ஆணி கிடையாது; காற்றுதான் ஆணி, காற்றுதான் புவியீர்ப்பு. உவமை அந்த இடத்தில் விழுந்துவிடுகிறது.)

தலையாட்டத்தில் ஒரு கணக்கு உண்டு. மூக்கு பாதையை ஒட்டித் திரும்புவது நிதானமான ஆட்டம். விரல் பிசகால் வருவது வேறு, வேகமான ஆட்டம். அதற்குக் காற்றே தேவையில்லை, பந்தின் வடிவம் போதும். ஃபுட்பாலில் ஏறத்தாழ ஐந்து சுழற்சிக்கு மூன்று ஆட்டம். யார் எறிந்தாலும், எவ்வளவு வேகமாக எறிந்தாலும் இந்த ஐந்துக்கு மூன்று மாறாது. நட்சத்திரத்தின் பிசகும் கற்றுக்குட்டியின் பிசகும் ஒரே தாளத்தில்தான் ஆடும், அளவில்தான் வித்தியாசம்.

ரசிகர்கள் அடிக்கடி சொல்லும் இன்னொன்று, “எவ்வளவு அதிகமாகச் சுழல்கிறதோ அவ்வளவு நல்லது” என்பது. பாதிதான் சரி. சுழற்சி குறைந்தால் பந்து குட்டிக்கரணம் போடும், உண்மை. ஆனால் சுழற்சி கூடக்கூடப் பந்தின் வீம்பும் கூடுகிறது. காற்றின் தள்ளலுக்கு அது மெதுவாகவே பதில் சொல்கிறது. பாதை குனிந்துகொண்டே போக, மூக்கு பின்தங்கும். அதிகமாக வலப்பக்கம் சாய்ந்தால்தான் ஈடுகட்ட முடியும். அளவுக்கு மீறிச் சுழற்றினால் மூக்கு குனியவே மறந்துவிடும். பிறகு பந்து பக்கவாட்டில் காற்றை வாங்கி வேகத்தை இழக்கும். சுழற்சி என்பது வேகத்தைக் கூட்டும் மந்திரம் இல்லை. மூக்கை முன்னால் வைத்திருக்கும் ஏற்பாடு, அவ்வளவே.

அழகான சுழற்சி இருந்தால்தான் நல்ல குவார்ட்டர்பேக் என்பதையும் நம்ப வேண்டாம். ஆர்ச்சின் சித்தப்பா பெய்ட்டன் மேனிங் எறிந்த பந்துகள் தள்ளாடுவதற்குப் பெயர்போனவை. அப்படித் தள்ளாடும் பந்தை அங்கே ‘வாத்து’ என்று கேலி செய்வார்கள். 2014 ஜனவரியில் எதிரணி வீரர் ஒருவர் இதைச் சொல்லிக்காட்டியபோது, ஆமாம், வாத்துதான் எறிகிறேன், அந்த வாத்துகளை வைத்துத்தான் இத்தனை புள்ளிகளும் எடுத்திருக்கிறேன் என்கிற பொருளில் பெய்ட்டன் பதில் சொன்னார். அந்தப் பருவத்தில் அவர் எறிந்த டச்டவுன்கள் (புள்ளியில் முடிந்த வீச்சுகள்) 55. அது தேசிய லீக்கின் சாதனை. எதிரணி எப்படி நிற்கிறது, எவன் இன்னும் ஒரு நொடியில் காலி இடத்துக்கு ஓடி வருவான் என்று பார்த்தவுடன் கணிக்கும் மூளைதான் அவரிடம் இருந்த சரக்கு. அதற்கு இயற்பியலில் சமன்பாடு இல்லை. வீடியோ துண்டில் அது தெரிவதும் இல்லை.

மாணவருக்கு ஒரு யோசனை. அமெரிக்கப் பந்து கிடைக்காவிட்டால் ரக்பி பந்து போதும். அது கொஞ்சம் பருமன், ஆனாலும் இதே விதிக்குக் கட்டுப்பட்டது. ஒரு பக்கத்தில் வெள்ளை டேப் ஒட்டுங்கள். எறிபவரின் முதுகுக்குப் பின்னால் நின்று ஸ்லோமோஷனில் படம் எடுங்கள். நொடிக்கு 240 படம் எடுக்கும் கைப்பேசியும், நொடிக்குப் பத்து சுழற்சி எறியும் கையும் இருந்தால் ஒரு சுழற்சிக்கு 24 படம் கிடைக்கும், எண்ணிவிடலாம். (ட்ரோன் வேண்டாம், பக்கத்திலேயே விமான நிலையம்.) உச்சியைத் தாண்டியதும் மூக்கு வலப்பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சில டிகிரிதான் இருக்கும், அதனால் பந்து சுத்தமாகச் சுழன்று போகும் வீச்சுகளை மட்டும் கணக்கில் எடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மாலையில் கிழக்கிலிருந்து கடல்காற்று அடிக்கும். தெற்கே பார்த்து எறிந்தால் அந்தக் காற்றும் பந்தை வலப்பக்கம்தான் ஒதுக்கும். நான் சொன்னது நிரூபணமாகிவிட்டது என்று குதிப்பீர்கள். வடக்கே பார்த்து எறிந்தால் காற்று இடப்பக்கம் தள்ளும். கட்டுரையாளர் பொய் சொல்லிவிட்டார் என்பீர்கள். இரண்டு பக்கமும் பார்த்து, ஒவ்வொன்றிலும் பல முறை எறிந்து, இரண்டின் சராசரியை எடுங்கள். உங்கள் வட்டத்தில் இடக்கைக்காரர் ஒருவர் இருந்தால் அவரிடமும் பந்தைக் கொடுங்கள். அவர் எறிந்த பந்தின் மூக்கும் வலப்பக்கமே சாய்ந்தால், தவறு காற்றிலா என் கணக்கிலா என்று எழுதிக் கேளுங்கள்.