விரல் நுனியில் துள்ளும் தெள்ளுப்பூச்சி!

"ரிடையர் ஆயாச்சு. காலையில வாக்கிங், அப்புறம் பேப்பர், சாயந்திரம் டி.வி. மத்த நேரத்துல என்ன பண்றதுன்னே தெரியலை!"

இந்தப் புலம்பல் கேட்காத வீடு குறைவு. நடந்தால் காலுக்கு வேலை, படித்தால் கண்ணுக்கு வேலை. ஆனால் கைக்கு? முப்பது வருஷம் பேனா பிடித்த விரல்களும், தையல் மெஷின் ஓட்டிய விரல்களும் திடீரென்று ரிமோட் பட்டனை மட்டும் அழுத்திக்கொண்டிருந்தால் சும்மா இருக்குமா? விறைப்பு வரும், பிடி தளரும். விரல்களுக்கு நுணுக்கமான வேலை ஏதாவது தினமும் இருந்துகொண்டே இருக்க வேண்டும்.

அதற்குத் தோதான ஒரு பொழுதுபோக்கைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. உகுலேலே என்று பெயர். பார்த்தால் கிதாரின் பேரக்குழந்தை மாதிரி இருக்கும். தலை முதல் கால் வரை சுமார் 53 செ.மீ. நீளம், நாலே நாலு நைலான் கம்பி. இதை வாசிப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை. நீங்களே செய்யலாம், நீங்களே அலங்கரிக்கலாம். வயலினையோ வீணையையோ வீட்டில் செய்து பார்க்கிறேன் என்று யாராவது கிளம்பினால் நானே தடுப்பேன். இது அப்படியில்லை. ஏன் என்று தெரிய, இது பிறந்த கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

கப்பலில் வந்த தச்சர்கள்

1879-ஆம் வருஷம், ஆகஸ்ட் 23. பசிபிக் கடலின் நடுவே இருக்கும் ஹவாய்த் தீவுகளின் ஹொனலுலு துறைமுகத்தில் 'ரேவன்ஸ்கிராக்' என்ற கப்பல் வந்து நின்றது. அதில் போர்ச்சுகலுக்குச் சொந்தமான மதெய்ரா தீவிலிருந்து கிளம்பிய நானூறுக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். ஆண், பெண், குழந்தை குட்டி என்று எல்லோருமே கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள். நாலு மாதக் கடல் பயணம். (அந்தக் காலத்தில் நம் ஊர் ஜனங்களும் இப்படித்தான் மொரீஷியஸ், நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பல் ஏறினார்கள். பின்னால் ஃபிஜிக்கும் போனார்கள். பாரதியார் மனம் வெந்து பாடினாரே, அந்தக் கரும்புத் தோட்டங்கள்தான்.)

கப்பலில் வந்தவர்களில் மூன்று பேர் மரவேலை தெரிந்தவர்கள். மானுவேல் நூனெஸ், அகஸ்தோ டியாஸ், ஜோஸே தோ எஸ்பிரித்தோ சாந்தோ. தோட்டத்து ஒப்பந்தம் முடிந்ததும் மூவரும் ஹொனலுலுவில் பட்டறை போட்டார்கள். மேஜை நாற்காலியோடு, சொந்த ஊரில் வாசித்த 'மஷேட்டே' என்ற குட்டி வாத்தியத்தையும் அங்கே கிடைத்த மரத்தில் செய்தார்கள். அந்த மரத்துக்குக் கோவா என்று பெயர். ஊர் இல்லை, மரம்! ஹவாயைத் தவிர வேறெங்கும் தானாக வளராது. நம் கருவேல மரத்துக்குத் தூரத்துச் சொந்தம்.

உள்ளூர்க்காரர்களுக்கு அந்த வாத்தியம் ரொம்பப் பிடித்துப் போயிற்று. ஹவாயின் ராஜா கலாகவுவே அதற்குப் புரவலர் ஆனார். அரண்மனையில் ஹூலா நடனத்துக்கு அதை வாசித்தார்கள். ஹவாய் மொழியில் 'உகு' என்றால் தெள்ளுப்பூச்சி, 'லேலே' என்றால் குதிப்பது. கம்பி மேல் விரல் துள்ளுவதைப் பார்த்து வைத்த பெயர் என்பார்கள். கடைசி ராணி லிலியுகலானிக்கு இந்த விளக்கம் பிடிக்கவில்லை. 'இங்கே வந்து சேர்ந்த பரிசு' என்று அவர் பொருள் சொன்னார். எனக்கென்னவோ பூச்சிதான் பொருத்தமாகப் படுகிறது!

கவனியுங்கள், இதை உருவாக்கியவர்கள் அலமாரி செய்கிற தச்சர்கள். அதனால்தான் இதன் கட்டுமானம் இவ்வளவு எளிமை. நூனெஸிடம் வேலை கற்ற சாமுவேல் கமாகா என்ற ஹவாய்க்காரர் 1916-ல் சொந்தமாகத் தொழில் ஆரம்பித்தார். கிதார் மாதிரி இடுப்பு ஒடுங்கிய வடிவம்தான் வேண்டுமா என்ன என்று யோசித்து, அன்னாசிப்பழம் மாதிரி முட்டை வடிவில் ஒன்று செய்தார். முகப்பில் அன்னாசிப்பழப் படமே வரைந்தும் விற்றார். அந்தக் குடும்பம் இன்றும் ஹொனலுலுவில் அதே தொழிலைச் செய்கிறது.

அந்தப் பட்டறையில் காது கேளாதவர்கள் பல வருஷம் வேலை பார்த்திருக்கிறார்கள். "வாத்தியப் பட்டறையில காது கேக்காதவங்களா?" என்று தோன்றும். மரப் பலகையை விரலால் தட்டி, அதில் எழும் அதிர்வைத் தொட்டே உணர்ந்து, கனம் சரியாக இருக்கிறதா என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள். விரல் நுனிக்குப் பழக்கம் கொடுத்தால் அது எவ்வளவு தூரம் போகும் பாருங்கள்!

செய்வது எப்படி?

முதல் முயற்சிக்குக் 'கிட்' வாங்குவதே நல்லது. வளைத்த பக்கப் பலகைகள், முகப்பு, முதுகு, கழுத்து, பிரடைகள், கம்பி எல்லாம் ஒரு பெட்டியில் வரும். ஒட்டி, இழைத்து, பூச வேண்டியது உங்கள் வேலை. பலகையை ஈரம் காட்டி, சூடு காட்டி வளைப்பதுதான் கஷ்டமான பகுதி. கிட்டில் அது மிச்சம். அதுவும் வேண்டாம் என்றால் சதுரப் பெட்டியே போதும். மேல்நாட்டில் சுருட்டுப் பெட்டிக்குக் கழுத்து வைத்தே உகுலேலே செய்துவிடுகிறார்கள். தஹித்தித் தீவில் ஒரே மரக்கட்டையைக் குடைந்து, மீன் பிடிக்கிற நைலான் நரம்பைக் கட்டி வாசிக்கிறார்கள்.

சத்தம் வருவது கம்பியிலிருந்து இல்லை, முகப்புப் பலகையிலிருந்து. கம்பியின் அதிர்வு குதிரை வழியாக (வீணையில் சொல்கிறோமே, அதே குதிரைதான்) பலகைக்கு இறங்கி, பலகை காற்றை அசைக்கிறது. அதனால் முகப்பு சுமார் 2 மில்லி மீட்டர் கனத்துக்குள் இருக்க வேண்டும். 'உறுதியா இருக்கட்டும்' என்று தடித்த பலகை போட்டால் வாத்தியம் ஊமை! மரவேலைக்கு நாம் உபயோகிக்கும் வெள்ளைப் பசையே ஒட்டுவதற்குப் போதும். பசை காயும்வரை இறுக்கிப் பிடிக்க, துணி காயப் போடும் கிளிப் பத்திருபது இருந்தால் உள்விளிம்பு வேலைக்குக் கச்சிதம்.

ஒரே ஒரு இடத்தில்தான் கணக்கு வேண்டும். அது மெட்டுகளின் இடம். கழுத்தின் உச்சியில் கம்பி உட்காரும் சின்னக் கட்டையிலிருந்து குதிரை வரை உள்ள நீளம் 34 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதை 17.817 ஆல் வகுத்தால் 1.91 செ.மீ. அங்கே முதல் மெட்டு. மிச்சமிருக்கும் 32.09-ஐ மறுபடி அதே எண்ணால் வகுத்தால் 1.80. முதல் மெட்டிலிருந்து அவ்வளவு தள்ளி இரண்டாவது. இப்படியே போனால் பன்னிரண்டாவது மெட்டு சரியாகப் பாதியில், 17 செ.மீ.யில் வந்து நிற்கும். வரவில்லையென்றால் எங்கோ தப்பு.

கிட்டில் மெட்டுகள் அடித்தே வரும். ஆனால் குதிரையை ஒட்டுவது நீங்கள்! பன்னிரண்டாவது மெட்டிலிருந்து குதிரைக்கு உள்ள தூரமும் 17 செ.மீ. இருக்க வேண்டும். கம்பியை அழுத்தும்போது அது கொஞ்சம் இழுபட்டுச் சுருதி ஏறும் என்பதால், ஒன்றிரண்டு மில்லி மீட்டர் கூடுதலாக வைப்பது வழக்கம். நான் முதல் தடவை ஸ்கேலை எடுக்கச் சோம்பல்பட்டுக் கண்மதிப்பில் ஒட்டினேன். நாலு மில்லி மீட்டர் உள்ளே தள்ளிவிட்டது. சும்மா மீட்டினால் நன்றாக இருக்கும். மேல் மெட்டுகளை அழுத்தினால் எல்லா ஸ்வரமும் ஏறிக் கத்தும். "ஏங்க, ஈயம் பூசறவன் வந்திருக்கானா?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. வெந்நீரில் நனைத்த துணியைப் போட்டு, மெல்லிய கத்தியால் பொறுமையாக நெம்பிக் குதிரையைப் பெயர்த்து மறுபடி ஒட்ட எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

மூக்கை மறக்காதீர்கள்

இழைக்கும்போதும் உப்புத்தாள் போடும்போதும் பறக்கும் மரத்தூளை லேசாக எண்ணாதீர்கள். வருஷக்கணக்கில் மரத்தூளைச் சுவாசிக்கும் தொழிலாளிகளுக்கு மூக்கில் புற்றுநோய் வரும் அபாயம் கூடுதல் என்பதால், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. ஒரு வாத்தியம் செய்கிறவர் அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. ஆனால் ஆஸ்துமா உள்ளவருக்கு அன்றைக்கே மூச்சு இழுக்கலாம். கர்ச்சீப் கட்டிக்கொள்வது போதாது. நன்றாகப் பொருந்தும் தூசி மாஸ்க் (என்-95 வகை) போடுங்கள். மொட்டை மாடியிலோ பால்கனியிலோ வேலை செய்யுங்கள். முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்கினால் தூள் மறுபடி எழும். ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

வார்னிஷ் பூசும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் பக்கத்தில் வேண்டாம். இன்னொன்று, ஆளிவிதை எண்ணெய் தொட்டுத் தேய்த்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது காயும்போது சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துப் போட்டுக் காயவைத்த பிறகே குப்பையில் போட வேண்டும்.

அழகு செய்யலாம், அமுக்கக் கூடாது

ஹவாயின் பழைய தச்சர்கள் வெளிர் மரமும் கருமரமும் மாறி மாறி வைத்து, கயிறு முறுக்கினாற்போல் விளிம்பு கட்டினார்கள். நமக்கு அவ்வளவு வேண்டாம். பென்சிலால் வரைந்து, அக்ரிலிக் வண்ணத்தைத் தண்ணீர் கலந்து மெல்லிசாகப் பூசினால் போதும். கோலமோ, பேத்தி வரைந்த பூனையோ, எதுவும் அழகுதான்!

ஆனால் முகப்பில் எனாமல் பெயின்டைத் தடித்துப் பூசினால் பலகைக்குக் கம்பளி போர்த்திய மாதிரி. அதிர்வு அடங்கிவிடும். கண்ணாடிச் சில்லு, மணி ஒட்டும் ஆசையை முதுகுப் பக்கத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், குதிரை ஒட்டப் போகும் இடத்தில் டேப் ஒட்டிவிட்டுப் பிறகு வண்ணம் பூசுங்கள். மரத்தில் பிடிக்கிற பசை வண்ணத்தின் மேல் பிடிக்காது. கம்பியை முறுக்கிய மறுநாளே குதிரை எகிறிவிடும்.

வாசிக்க எவ்வளவு நாளாகும்?

நாலு கம்பிகளையும் மேலிருந்து கீழாக ப, ஸ, க, த என்று சுருதி சேர்க்க வேண்டும். ஸட்ஜம் ஒரு கட்டை. வேடிக்கை என்னவென்றால், மேல் கம்பிதான் தாழ்ந்த சுருதி என்று நாம் எதிர்பார்ப்போம். இங்கே அது அடுத்த இரண்டு கம்பிகளையும்விட உயரம்! உகுலேலேயின் சிலுசிலு சத்தத்துக்கு அதுதான் ரகசியம்.

கீழ்க் கம்பியின் மூன்றாவது மெட்டை மோதிர விரலால் அழுத்தி, நாலு கம்பியையும் சேர்த்து மீட்டினால் முதல் 'கார்டு' தயார். ஒரே விரல்தான்! இன்னும் மூன்று கார்டு பழகினால் எத்தனையோ சினிமாப் பாட்டுக்குப் பக்க வாத்தியம் வாசித்துக்கொண்டே பாடலாம். கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் 1960-களின் பிற்பகுதியில் சால்மர்ஸ் டோன் என்ற இசை ஆசிரியர் பள்ளிப் பிள்ளைகளுக்கு இசை சொல்லித்தர இதைத்தான் தேர்ந்தெடுத்தார். பிள்ளைகளும் பெரியவர்களுமாக ஒரு கட்டத்தில் சுமார் 50,000 பேர் அந்த முறையில் கற்றார்கள். கமகம் மட்டும் இதில் எதிர்பார்க்காதீர்கள். அதற்கு வீணை இருக்கிறது.

முதல் இரண்டு மூன்று வாரம் இடது கை விரல் நுனி எரியும். அப்புறம் தோல் தடித்துப் பழகிவிடும். கொப்புளம் வந்தால் உடைக்க வேண்டாம், ஆறவிடுங்கள். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் வாசிப்பதைவிட, காலையில் பத்து நிமிஷம், மாலையில் பத்து நிமிஷம் மேல். மணிக்கட்டை மடக்கிப் பிடிக்காமல் நேராக வையுங்கள். கட்டைவிரல் அடியில் மூட்டுவலி உள்ளவர்கள் தோளில் பட்டை மாட்டிக்கொண்டால் கழுத்தை இறுக்கிப் பிடிக்கும் சிரமம் இருக்காது. நைலான் கம்பி எஃகுக் கம்பியைவிட மெத்தென்று இருப்பது இன்னொரு ஆறுதல்.

கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் மரத்துப் போனாலோ, ராத்திரியில் 'ஜிவ்வு'னு இழுத்தாலோ வாசிப்பை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். மணிக்கட்டில் நரம்பு அழுந்துவதன் அறிகுறியாக இருக்கலாம். சர்க்கரை நோயால் விரல் நுனியில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குக் கத்தி கீறியதும், கம்பி அறுத்ததும் தெரியாமலே போகலாம். அவர்கள் வேலை முடிந்ததும், வாசித்து முடித்ததும் விரல்களை வெளிச்சத்தில் பார்த்துவிட வேண்டும்.

கடைசியாக ஒரு விஷயம். புதுக் கம்பி கட்டியதும் சுருதி நிற்கவில்லையே, செய்ததில் ஏதோ கோளாறு என்று பதறாதீர்கள். நைலான் சில நாள் நீண்டுகொண்டேதான் இருக்கும். பிரடையைத் திருகித் திருகிச் சேர்த்துக்கொண்டே இருங்கள். ஒரு வாரம் போனால் அதுவாக அடங்கும்.