பழமனையும் புது விருந்தும்

சீனன்குடாவில் வாழ்வோர்க்கு யப்பான் என்னும் நாடு இருவகையால் அறிமுகமானது. 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆந் திகதி காலையில் அந்நாட்டு வானூர்திகள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத் தளத்தையும் தாக்கின; எண்ணெய்க் குதங்களுள் ஒன்று அன்று பற்றி எரிந்தது. நாற்பது ஆண்டுகளின் பின்னர், 1982இல், யப்பானிய நிறுவனம் ஒன்றின் கூட்டோடு தோன்றிய சீமெந்துத் தொழில் இக்குடாவின் கரையில் தன் ஆலையை அமைத்துக்கொண்டது. குண்டையும் சீமெந்தையும் தந்த அந்நாட்டின் பழைய தலைநகராகிய கியோத்தோவிலே, மரமும் மூங்கிலும் களிமண்ணும் தாளும் கொண்டு கட்டிய வீடுகள் உள்ளன என்பது பலர் எண்ணிப் பாராத செய்தி. அவ்வீடுகளுட் பல இன்று விடுமுறைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடப்படுகின்றன. தமிழகத்துச் செட்டிநாட்டுப் பெருமனைகளுள் சிலவற்றுக்கும் இதே நிலை வாய்த்துள்ளது. இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்கினால், குடியிருந்த மனை கூலி மனையாகும்போது எது எஞ்சுகின்றது, எது நீங்குகின்றது என்பது புலனாகும்.

தமிழில் வீட்டைக் குறிக்கும் மனை, இல், அகம் என்னும் சொற்கள் வெறுங் கட்டிடத்தை மட்டும் குறிப்பன அல்ல. மனையிலிருந்து மனைவி பிறந்தாள். இல்லிலிருந்து இல்லறம் பிறந்தது. விருந்து என்னும் சொல்லோ புதுமை என்னும் பொருளது. புதிதாக வந்தவர் அப்பெயரைப் பின்னர் பெற்றனர். திருவள்ளுவர் விருந்தோம்பலை இல்லறவியலிலே வைத்தமையும் கருதத்தக்கது. ஓம்புவான் ஒருவன் வீட்டில் இருக்க, புதியவர் வருதல் என்பதே அதன் அமைப்பு. ஓம்புவான் இல்லாத வீட்டிற்குத் திறவுகோல் பெற்றுச் செல்லும் புதியவர் எவ்வகை விருந்தினர் என்பது பழைய நூல்கள் எதிர்பாராத வினா.

கியோத்தோவின் நகர வீட்டிற்கு மச்சியா என்று பெயர். தெருப்பக்கம் ஒடுங்கி உள்நோக்கி நீண்டு செல்வது அதன் இயல்பு. முகப்பின் அகலத்தைப் போல மூன்று நான்கு மடங்கு நீளம் இருக்கும். அந்நகரத்தார் இதனை விலாங்குமீனின் படுக்கை என்று வேடிக்கையாகச் சொல்வர். முன்னறை கடை. அதன் பின்னே வாழும் அறைகள். ஒரு பக்கமாக, வாயிலிலிருந்து பின்புறம் வரை மண் தரையிட்ட நடை ஒன்று ஓடும். கிணறும் அடுப்பும் அந்நடையிலேயே இருக்கும். அதன்மேல் தட்டு இன்றிக் கூரை வரை வெளியாக விடப்பட்டிருக்கும். புகை மேலே செல்லவும், தீப்பற்றினால் சுடர் பக்கத்து வீட்டிற் பாயாது மேலெழவும் செய்த ஏற்பாடு அது. இடையே சிறுமுற்றங்கள் உண்டு. ஒரு முற்றத்தில் வெயிலும் மற்றொன்றில் நிழலும் படும்போது இரண்டிற்கும் இடையே காற்று அசைகின்றது. தரையில் நெல் வைக்கோலை இறுக்கித் தைத்து மேலே கோரை போர்த்த ததாமிப் பாய் விரிக்கப்படும். கியோத்தோப் பாய் ஒன்று ஏறக்குறைய 191 சதம மீற்றர் நீளமும் அதிற் பாதி அகலமும் உடையது. அறையின் அளவை முழத்தாற் சொல்லாது ஆறு பாய் அறை, எட்டுப் பாய் அறை என்றே சொல்வர். வேனில் வந்ததும் தாள் ஒட்டிய கதவுகளைக் கழற்றிவிட்டு நாணற் கதவுகளை மாட்டுவர். வீடும் ஆடை மாற்றிக்கொள்ளுகின்றது!

இத்தகைய வீட்டில் தங்க வருபவர் முதலிற் காலணியைக் களைகின்றார். நாற்காலி தேடுபவர் ஏமாறுவார். ஏணிபோற் செங்குத்தான படியில் ஏறுதல் முதியோர்க்கு எளிதன்று. சுவர் மெல்லிது, அயல் வீட்டார் பேசுவது இவர்க்கும், இவர் பெட்டி இழுப்பது அயல் வீட்டார்க்கும் கேட்கும். இந்தக் கடைசிச் செய்தியே அந்நகரில் வழக்காகி, சட்டமுமாயிற்று.

1864ஆம் ஆண்டுப் பெருந்தீயில் கியோத்தோவின் பெரும்பகுதி அழிந்தமையால், இன்று நிற்கும் மச்சியாக்களுள் மிகுதியானவை அதன்பின் எழுந்தவை. 1950ஆம் ஆண்டுக் கட்டிடச் சட்டத்திற்குப் பின்னர் அம்முறையிற் புதிதாகக் கட்டுதல் அரிதாயிற்று. ஆதலின் இடித்தது இடித்ததே. 2016ஆம் ஆண்டிற் கணக்கெடுத்தபோது 40,000 வீடுகளே இருந்தன. நாளொன்றுக்கு இரண்டு வீதம் அழிந்துவருவதும், ஏழில் ஒன்று வெறுமனே கிடப்பதும் தெரியவந்தன. அமெரிக்க எழுத்தாளரான அலெக்ஸ் கெர் 2004இல் தொடங்கிய நிறுவனம் பழைய வீடுகளைச் செப்பனிட்டு முழு வீடாகப் பயணிகளுக்கு விடும் முறையைக் காட்டியது. அவ்வழியே பலர் பின்சென்றனர். வீடுகள் தப்பின. ஆனால் தெருவில் முகந்தெரியாதார் பெருகினர். 2018ஆம் ஆண்டு சூன் 15ஆந் திகதி முதல், இல்லங்களை இவ்வாறு விடுவது ஆண்டொன்றுக்கு 180 நாட்களுக்கு மேற்படலாகாது என நாடு முழுமைக்கும் சட்டம் வந்தது. கியோத்தோ நகராட்சி அதனினும் இறுக்கி, குடியிருப்புப் பகுதிகளில் சனவரி நடுவிலிருந்து மார்ச்சு நடு வரையுமே அனுமதி என்றது. உரிமையாளர் தாமே உடனுறையும் வீட்டிற்கும் உரிய விதிகளுக்கமைந்த மச்சியாவுக்கும் மட்டும் விலக்களித்தது. பொறுப்பாளர் ஒருவர் 10 நிமிடத்துள் வந்துசேரத்தக்க தொலைவில் இருத்தல் வேண்டும் என்னும் விதியும் எழுந்தது. நுணுகி நோக்கின், இழந்துபோன வீட்டுக்காரனைச் சட்டத்தின் வாயிலாக மீண்டும் தேடிய முயற்சியே இது.

செட்டிநாட்டிற் கதை வேறு. சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் எழுபதுக்கு மேற்பட்ட ஊர்களிற் பரந்து கிடக்கும் நகரத்தார் மனைகளும் மச்சியாவைப் போல நீளத்தால் வளர்ந்தவையே. முன்வாயில் ஒரு தெருவிலும் பின்வாயில் அடுத்த தெருவிலும் திறக்கும். முகப்புத் திண்ணை, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு, அடுக்களைக் கட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டுகள் செல்லும். வாயில்கள் எல்லாம் நேர்க்கோட்டில் அமைந்திருத்தலால், தலைவாயிலில் நிற்பவர் பின்தெரு வெளிச்சத்தைக் காண்பர். தூண்களுக்குப் பர்மாத் தேக்கும் இலங்கை முதிரையும் வந்தன. தரைக்கு இத்தாலியச் சலவைக்கல்லும் ஆத்தங்குடிப் பூக்கல்லும், சுவருக்கு முட்டை வெண்கரு சேர்த்துப் பலமுறை தேய்த்த சுண்ணச் சாந்தும் உண்டு. கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் யப்பானிலிருந்து வந்த வண்ண ஓடுகளையும் அவ்வீட்டுச் சுவர்களிற் காணலாம். இந்திய வாணிகத்திற்கென்று இந்துத் தெய்வ உருவங்கள் பொறித்த ஓடுகளையும் அந்நாட்டார் செய்தனுப்பினர்.

வளவைச் சுற்றிய சிறு அறைகளே ஈண்டு நுணுகி நோக்கத்தக்கவை. மணமான மகன் ஒவ்வொருவனுக்கும் அறை ஒன்று. அவனும் மனைவியும் ஒரு புள்ளி. அவர்க்குத் தனி அடுப்பு. ஒரே கூரையின்கீழ்க் கூட்டும் தனிமையும் கலந்த ஏற்பாடு அது. அறை, பொருள் வைப்பதற்கே பெரிதும் பயன்பட்டது. உண்டதும் உறங்கியதும் பேசியதும் வளவைச் சூழ்ந்த தாழ்வாரத்திலேயே. இன்று தங்க வரும் பயணிக்குக் கட்டிலிட்டுக் கொடுக்கப்படும் இடமோ பெரும்பாலும் அவ்வறையே. முன்பு மக்கள் வாழ்ந்த வெளி அவர்க்குக் காட்சியாகிறது. முன்பு பொருள் வாழ்ந்த இடம் அவர்க்கு உறைவிடமாகிறது.

அம்மனைகளைக் கட்டிய செல்வம் பர்மாவிலிருந்து வந்தது. கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்கள் பதின்மூன்றில், 1930இல் நிலத்தின் நூற்றுக்கு 6 பங்கு நகரத்தார் கையில் இருந்தது. விலை வீழ்ச்சியால் கடன் பட்டோர் நிலத்தை விட, 1938இல் அது நூற்றுக்கு 25 ஆயிற்று. கடனுக்கு ஈடாக வந்த நிலம் இது, விரும்பி வாங்கியதன்று. 1942 மார்ச்சு மாதத்தில் இரங்கூன் யப்பானியர் வசமாயிற்று. சீனன்குடாவிற் குண்டு விழுந்ததற்கு ஒரு மாதம் முன்னர் நிகழ்ந்தது அது. போரின் பின்னர், 1948இல், பர்மா அரசு இயற்றிய நிலச் சட்டம் எஞ்சிய நம்பிக்கையையும் போக்கியது. மகன்மார் சென்னைக்கும் அயல்நாடுகளுக்கும் தொழில் தேடிச் சென்றனர். மனைகள் பூட்டப்பட்டன.

பூட்டிய மனை தானே நிற்பதில்லை. ஓடு ஒன்று நகர்ந்தால் மழை உத்தரத்தில் இறங்கும். உத்தரம் சோர்ந்தால் சுவர் விலகும். பங்காளிகள் பலர்க்கு உரிய வீடாதலின், செப்பனிடவும் எல்லாரும் இசைய வேண்டும், விற்கவும் எல்லாரும் இசைய வேண்டும். இசைவு வந்த இடத்துப் பெரும்பாலும் இடித்தலே நிகழ்ந்தது. காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவின் பழம்பொருட் கடைகளில் தூணாகவும் நிலையாகவும் கதவாகவும் எத்தனையோ வீடுகள் துண்டு துண்டாய் விலைக்குக் கிடக்கின்றன. இந்நிலையிலேதான் விடுதி என்னும் வழி தோன்றிற்று. குடும்பம் ஒன்றுக்கு உரிய காரைக்குடிப் 'பங்களா' 1999இல் விருந்தினர்க்குத் திறக்கப்பட்டது. கானாடுகாத்தான் 'விசாலம்', கடியாபட்டி 'சிதம்பர விலாஸ்', கோத்தமங்கலம் 'சாரதா விலாஸ்' என்பன பின்வந்தவை. 2014இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் இடம்பெற்றன.

பழமனையை விடுதியாக்குவோர் எதிர்கொள்ளும் முதற் பகை தண்ணீர். கியோத்தோவிலும் செட்டிநாட்டிலும் குளிக்குமிடமும் கழிப்பிடமும் வீட்டின் பின்கோடியில் இருந்தன. இன்றைய விருந்தினரோ அறையோடு சேர்ந்த குளியலறை கேட்பர். மரத்தையும் சுண்ணத்தையும் நம்பி நிற்கும் கட்டிடத்தின் வயிற்றுக்குள்ளே குழாய் செல்லவேண்டியதாயிற்று. கசிவு ஒன்று காணாமற் போனால் பத்தாண்டில் உத்தரம் உளுத்துவிடும். அடுத்த பிழை சுண்ணச் சுவரைச் சீமெந்தால் ஒட்டுதல். சுண்ணச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும் தன்மையது. மேலே சீமெந்துப் பூச்சு அடைத்துவிட்டால் ஈரம் உள்ளே சிறைப்பட்டு, உப்புப் பூத்து, சுவரின் மேற்பரப்பை உதிர்க்கும். சீமெந்துக்கு அங்கு இடமே இல்லை என்பதன்று. ஆத்தங்குடிப் பூக்கல் சீமெந்தாலானதே. கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணக் குழம்பை வார்த்து, மேலே மணலும் சீமெந்தும் இட்டு ஆக்குவது அது. எதனை எங்கே இடுவது என்பதே கேள்வி. சுண்ணச் சாந்து அரைத்துத் தேய்க்கும் கொத்தர்க்கு இன்று வேலை தருபவை பெரிதும் இவ்விடுதிகளே என்பதையும் மறைத்தற்கில்லை.

எனவே இரண்டு ஊருக்கும் மருந்து ஒன்றன்று. கியோத்தோவில் விருந்தினர் உயிருள்ள தெருவினுள் நுழைகின்றார். அவர் வரவு மிகுந்தால் தெருவின் உயிர் குன்றும். அங்குக் கட்டுப்பாடு தக்கதே. செட்டிநாட்டில் அவர் உறங்கிய தெருவினுள் நுழைகின்றார். சில வீதிகளில் மாலையில் ஏற்றப்படும் விளக்கு விடுதியின் விளக்கு மட்டுமே. அங்கு அவரைத் தடுப்பதாற் பெறும் பயன் யாது? ஆயினும் விடுதியானவை ஒரு கையளவே, மனைகளோ ஆயிரக்கணக்கானவை. பயணிகள் வந்து செட்டிநாட்டைக் காப்பர் என்பது மிகை. அதனைக் காத்துவருவது, இன்றும் திருமணத்திற்கும், முன்னோர்க்குப் படையலிடும் படைப்புக்கும் பங்காளிகள் பழைய வீட்டைத் திறந்து கூடும் வழக்கமே. ஆண்டில் சில நாட்களே ஆனாலும், அந்நாட்களில் அம்மனைக்கு உரியவர் இருக்கின்றனர்.

இலங்கையில் இதற்கு அண்மையான காட்சி காலிக் கோட்டை. ஒல்லாந்தர் கால அமைப்பில், தெருவோரத் தாழ்வாரமும் உள்முற்றமும் உடைய வீடுகள் அங்கே நெருங்கி நிற்கின்றன. 1988இல் அது உலக மரபுரிமைத் தலமாயிற்று. அயல்நாட்டார் நிலம் வாங்குவதற்கு இருந்த நூற்றுக்கு நூறு வரி 2002இல் நீங்கி 2004இல் மீண்டது. அவ்விடைக்காலத்தில் வீடுகள் பல கைமாறின. சுவர்கள் முன்னினும் நன்றாகப் பேணப்படுகின்றன. அச்சுவர்களுக்குள்ளே தலைமுறையாய் வாழ்ந்த குடும்பங்கள் குறைந்துவிட்டன. கியோத்தோவின் நோயும் செட்டிநாட்டின் நோயும் ஒருங்கு கூடிய இடம் எனலாம்.

2009இற் போர் முடிந்தபின், நிலாவெளி, உப்புவெளிக் கரைகளில் விடுதிகள் பெருகியுள்ளன; யாழ்ப்பாணத்து நாற்சார் வீடுகள் சிலவும் அவ்வழியே செல்லத் தொடங்கியுள்ளன. ஈழத்து நாற்சார் வீடு செட்டிநாட்டு மனையினும் சிறிது, நடுமுற்றம் ஒன்றே, சுற்றி நான்கு இறவாரம். உரிமையாளர் பலர் கனடாவிலும் இங்கிலாந்திலும் இருக்க, திறவுகோல் உறவினர் ஒருவர் கையில் இருக்கும். அவ்வீட்டை விடுமுறைக்கு விட எண்ணுபவர், முன்னறையும் சாமியறையும் தமக்கென்று வைத்துக்கொண்டு, பின்புறத்தையும் தனிக் குளியலறையோடு ஒரு பக்கத்தையும் மட்டும் பயணிக்குக் கொடுத்தல் இயலும். வருவாய் குறையும். ஆனால் விடுமுறைக்கு ஊர் வரும் பிள்ளைகள், தம் வீட்டில் தங்குவதற்கு முன்பதிவு செய்ய நேராது.