விண்வெளிக் கதையின் இரண்டாம் காண்டம்

ஒரு புலவர் பாடி முடித்த கதையை இன்னொரு புலவர் எடுத்துத் தொடர்வது தமிழர்க்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்துக் கோவலன் மகளின் வரலாற்றைச் சாத்தனார் தனிக் காப்பியமாக விரித்தார். அக்காப்பியம் கூறும் மணிபல்லவம் யாழ்ப்பாணத்தை அடுத்த நயினாதீவே எனக் கொள்வாரும் உளர். தொடர்ந்து பாடுவோர்க்கு ஓர் இடர் உண்டு. முன்னவர் சொல்லாது விட்டதை அவர் சொல்லியாக வேண்டும். சொல்லுங்கால் முன்னவர் நூலுக்கு இழுக்கு நேரவும் கூடாது. திரைப்பட உலகில் இவ்விடரைத் துணிந்து ஏற்றது, 1984ஆம் ஆண்டு டிசெம்பரில் வெளிவந்த '2010' என்னும் ஆங்கிலப் படம். அதற்கு மூலமான நாவலை எழுதியவர் கொழும்பில் வாழ்ந்தவர்.

ஆதர் சி. கிளாக் என்னும் அவ்வாங்கிலேயர், பூமியைச் சுற்றும் செய்மதிகளின் வழியே உலகெங்கும் செய்தி அனுப்பலாம் என 1945இலேயே எழுதியவர். 1956இல் இலங்கைக்கு வந்து குடியேறினார். அவ்வாண்டிலேயே திருகோணமலைக் கடலில் மூழ்கித் திருக்கோணேச்சரத்தின் பழைய தூண்களைக் கண்டவர்களுள் அவரும் ஒருவர். பின்னர் அவரும் இயக்குநர் ஸ்ரான்லி கியூப்ரிக்கும் சேர்ந்து '2001' என்னும் படத்தின் கதையை அமைத்தனர். 1968இல் அது வெளிவந்தது.

அக்கதையில் டிஸ்கவரி என்னும் விண்கலம் வியாழக் கிரகத்தை நோக்கிச் செல்கின்றது. கலத்தின் காரியங்கள் யாவற்றையும் ஹால் என்னும் சிந்திக்கும் பொறி நடத்துகின்றது. இனிய குரலில் உரையாடும், சதுரங்கமும் ஆடும். பிழையே செய்யாதெனப் புகழப்பட்ட அப்பொறி, இடைவழியில் தன்னுடன் வந்தோரைக் கொல்லத் தொடங்குகின்றது. எஞ்சிய போமன் என்பவன் அதன் நினைவைச் சிறிது சிறிதாகக் கழற்றி அடக்குகின்றான். பின்னர் ஒரு பெரிய கருங்கற்பாளத்தின் முன் அவனும் மறைந்து போகின்றான். ஹால் ஏன் கொன்றது? படம் அதனைத் தெளிவுறச் சொல்லவில்லை. கியூப்ரிக்கின் மௌனத்தைச் சிலர் மேதைமை என்றனர். சிலர் தலையைச் சொறிந்துகொண்டு வீடு திரும்பினர்.

1979இல் இரு வொயேஜர் கலங்களும் வியாழனையும் அதன் சந்திரன்களையும் படம்பிடித்து அனுப்பின. ஐயோவில் எரிமலைகள் கனல்வதையும் ஐரோப்பாவைப் பனிக்கட்டி மூடியிருப்பதையும் உலகம் கண்டது. இப்புதிய அறிவைத் துணைக்கொண்டு கிளாக் 1982இல் இரண்டாம் நாவலை வெளியிட்டார். அதைப் படமாக்கிய பீற்றர் ஹையம்ஸ் இருந்ததோ லொஸ் ஏஞ்சலிஸ் நகரில். இருவரும் கணினிகளைத் தொலைபேசியுடன் இணைத்து நாடோறும் கருத்துப் பரிமாறினர். மின்னஞ்சல் என்ற சொல்லையே பலர் கேள்வியுறாத காலம் அது. முதற் படத்தின் கல மாதிரிகள் அழிக்கப்பட்டுவிட்டதால், பழைய படச்சுருளைப் பார்த்தே டிஸ்கவரியை மீண்டும் செய்ய வேண்டியதாயிற்று.

இரண்டாம் படத்தில், கைவிடப்பட்ட அக்கலத்தைத் தேடி அமெரிக்கர் மூவர் லியோனவ் என்னும் சோவியத் கலத்தில் செல்கின்றனர். பூமியிலோ அவ்விரு நாடுகளும் போரின் விளிம்பில் நிற்கின்றன. அம்மூவருள் ஒருவர் ஹாலின் ஆசிரியர், டொக்டர் சந்திரா. நாவலில் அவருடைய முழுப்பெயர் சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளை! வட்டுக்கோட்டையிலோ பருத்தித்துறையிலோ ஒரு பாடசாலையின் இடாப்பில் இருந்தால் எவரும் வியவாத பெயர். படத்தில் அவ்வேடத்தைப் பொப் பலபன் என்னும் அமெரிக்க நடிகர் தாங்கினார். நீண்ட பெயரும் சந்திராவாகச் சுருங்கிற்று. நடிப்பிற் குறையில்லை. ஆயினும் தமிழ் நேயர்க்கு ஒரு சிறு மனக்குறை எழுவது இயல்பே.

ஹாலை மீண்டும் விழிக்கச் செய்து, நடந்தது யாது என ஆராய்பவர் இந்தச் சந்திராவே. பொறியிற் பழுதில்லை என்கிறார் அவர். உள்ளதை உள்ளவாறு கூறுவதற்கென்றே ஆக்கப்பட்டது ஹால். ஆனால் பயணத்தின் உண்மை நோக்கத்தைப் போமனுக்கும் அவன் தோழனுக்கும் மறைக்குமாறு மேலிடத்து அதிகாரிகள் அதற்கு இரகசியக் கட்டளையிட்டனர். மெய் சொல்லவும் வேண்டும், மறைக்கவும் வேண்டும். மனிதர் இவ்விரண்டையும் ஒரே நாளிற் செய்துவிட்டு அமைதியாக உறங்குவர். ஹாலுக்கு அது இயலவில்லை. அதன் அறிவு திரிந்தது. ஆகவே கொலையின் மூலகாரணம் பொறியன்று, பொய் சொல்லப் பணித்தவரே. வினவினால் விடைகூறும் பொறிகள் கைத்தொலைபேசியிலேயே வந்துவிட்ட இந்நாளில், அப்பொறிக்குக் கட்டளையிட்டவர் யார் என்னும் கேள்வி 1984இல் இருந்ததினும் கூர்மையாகவே ஒலிக்கின்றது.

படம் குறையற்றது அன்று. கியூப்ரிக் காட்சியால் உணர்த்தியதை ஹையம்ஸ் வாயாற் சொல்லிவிடுகிறார் என்ற குற்றச்சாட்டில் உண்மை உண்டு. ஐந்து ஒஸ்கார் விருதுகளுக்குப் பரிந்துரைக்கப்பட்டும் ஒன்றேனும் கிட்டவில்லை. 1985இல் அறிவியற் கதை அன்பர்கள் வழங்கும் ஹியூகோ விருது கிட்டியது. ஆயினும் இறுதிப் பகுதியின் ஒரு காட்சிக்காகவே இப்படத்தை முதற் படத்தின் அருகில் வைக்கலாம்.

வியாழன் விரைவில் பேரொளியாய் வெடிக்கப் போகின்றது. டிஸ்கவரியின் எரிபொருளைக் கொண்டே லியோனவ் தப்ப வேண்டும். டிஸ்கவரியும் ஹாலும் அழிந்துபோகும். இதனை அறிந்தால் ஹால் மறுக்குமோ என ஏனையோர் அஞ்சி, வேண்டுமிடத்து அதை நிறுத்திவிடச் சந்திராவுக்கும் தெரியாமல் ஒரு கருவியைப் பொருத்துகின்றனர். புறப்படும் நேரம் நெருங்குகையில் ஹால் தயங்குகின்றது, காரணம் கேட்கின்றது. முன்னர்ப் பொய்யால் அழிந்த மாணாக்கனுக்கு மீண்டும் ஒரு பொய்யா? சந்திரா உண்மையைச் சொல்லிவிடுகிறார். ஹால் அதற்கு நன்றி கூறுகின்றது. உடன் தங்கட்டுமா என அவர் கேட்க, அவர் செல்வதே நன்று என்கின்றது. தான் கனவு காண்பேனா என்றும் வினவுகின்றது. தெரியாது என்கிறார் சந்திரா, கண் கலங்கி.

கலம் தப்புகின்றது. எஞ்சிய சில நிமிடங்களில், போமனின் உருவம் பணித்தவாறு, ஐரோப்பாவை மட்டும் தீண்டாது ஏனைய உலகங்களை ஒன்றுகூடி அமைதியாக ஆளுங்கள் என்னும் செய்தியை ஹால் பூமிக்கு அனுப்பத் தொடங்குகின்றது. இம்முறை மறைப்பதற்கு எவரும் கட்டளையிடவில்லை. டிஸ்கவரி அழியும்வரை அதனையே திரும்பத் திரும்ப ஒலிபரப்பிக்கொண்டிருக்கின்றது.