ஆற்றிக் குடிப்பது அநாகரிகமா?

விருந்தினராகச் சென்ற வீட்டில், பீங்கான் கோப்பையில் ஆவி பறக்கும் காப்பியைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். வீட்டுக்காரர் எதிரில் அமர்ந்து உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஊதிக் குடிக்கலாமா? சாசரில் ஊற்றலாமா? 'சர்' என்று உறிஞ்சினால் என்ன நினைப்பார்கள்? மாணவ நண்பர்களே, இந்தச் சங்கடம் உங்களுக்கும் ஒருநாள் நேர்ந்திருக்கும்.

எனக்கு அது நேர்ந்தது, கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில். ஊதவும் வெட்கம், உறிஞ்சவும் வெட்கம். ஒரு முழு வாய் எடுத்துவிட்டேன். துப்ப முடியுமா? விழுங்கினேன். நாக்கும் அண்ணமும் வெந்துபோய், மூன்று நாள் ரசம் சாதம்கூட இறங்கவில்லை. அந்த வாரம் வகுப்பில் நான் நடத்திக்கொண்டிருந்த பாடம் வெப்பவியல்!

அப்போதுதான் கொதித்த பாலில் கலந்த காப்பி டம்ளருக்கு வரும்போது 80 டிகிரி செல்சியஸ் இருப்பது சாதாரணம். நம் தோல் எவ்வளவு தாங்கும்? இதைப் பற்றி மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1947இல் எழுதிய கட்டுரைகள் இன்றும் எடுத்துக்காட்டப்படுகின்றன. 60 டிகிரி வெந்நீர் தோலில் ஏறத்தாழ 5 விநாடி பட்டால் ஆழமான புண் உண்டாகும். 70 டிகிரியில் ஒரு விநாடியே போதும். சிறு மடக்காகக் குடிக்கும்போது, காப்பி உமிழ்நீருடனும் காற்றுடனும் கலந்து, ஓரிடத்தில் தங்காமல் ஓடிவிடுகிறது. அதனால் பிழைக்கிறோம். முழு வாயாகக் குடிப்பவருக்கு அந்தச் சலுகை இல்லை.

இதில் நாக்கைவிடப் பெரிய விஷயமும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், 65 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் பானங்களைக் குடிப்பது உணவுக்குழாயில் புற்றுநோயை அநேகமாக உண்டாக்கக்கூடியது என்று 2016இல் வகைப்படுத்தியது. அங்கே குற்றவாளி காப்பியோ தேநீரோ அல்ல, சூடுதான். ஒருநாள் சூடாகக் குடித்துவிட்டோமே என்று அஞ்ச வேண்டாம். ஆண்டுக்கணக்கில் தொடரும் பழக்கத்தைப் பற்றிய பேச்சு இது.

ஆகவே 80 டிகிரிக் காப்பியை 60 டிகிரிக்கு இறக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்ப்போமா? டம்ளரில் 150 கிராம் காப்பி இருப்பதாகக் கொள்வோம். காப்பியைத் தண்ணீராகவே கருதினால், 20 டிகிரி இறங்க 150 × 20 = 3,000 கலோரி வெளியேற வேண்டும். இந்தச் சூட்டில் ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 560 கலோரி உள்ளுறை வெப்பம் தேவை. அந்த வெப்பத்தை அது மீதிக் காப்பியிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். அப்படியானால், ஐந்தரை கிராம் நீர் ஆவியாகப் போனால் போதும், வேலை முடிந்தது. ஒரு தேக்கரண்டிதான்!

ஆனால் அந்தத் தேக்கரண்டி நீர் எளிதில் போய்விடுவதில்லை. ஆவியாதல் மேற்பரப்பில் மட்டுமே நடக்கிறது. 6 செ.மீ. விட்டமுள்ள டம்ளரின் வாய்ப் பரப்பு 28 சதுர செ.மீ. மட்டுமே. போதாக்குறைக்குப் பாலாடை வேறு மேலே படர்ந்து மூடிக்கொள்கிறது. காப்பியை 12 செ.மீ. அகலமுள்ள சாசரில் ஊற்றுங்கள். பரப்பு நான்கு மடங்காகிவிடும். இங்கிலாந்தில் 18ஆம் நூற்றாண்டில் தேநீரைச் சாசரில் ஊற்றிக் குடிக்கும் வழக்கம் இருந்தது. பின்னாளில் அதே நாட்டில் அது நாகரிகக் குறைவு ஆயிற்று. இதற்கிடையில் ஆவியாதல் விதி எதுவும் மாறிவிடவில்லை.

நம் டபரா சாசரைவிடக் கெட்டிக்காரப் பாத்திரம் என்பது என் கட்சி. அது மூன்று வேலைகளைச் செய்கிறது. முதலாவது, ஆறிக் கிடக்கும் டபரா தானே சூடேறிக் கொள்கிறது. 100 கிராம் எவர்சில்வர் டபரா 30 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்கு ஏற, 420 கலோரியைக் காப்பியிலிருந்து வாங்கிக்கொள்ளும். நமக்கு வேண்டிய 3,000இல் அது ஏழில் ஒரு பங்கு. முதல் ஆற்றிலேயே சூடு சட்டென்று குறைவதாகத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டாவது, அரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் காப்பி விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தை எட்டுகிறது. வேகம் கூடக்கூட, குழாய்த் தண்ணீரைப் போலவே தாரை மெலிகிறது; எல்லாப் பக்கமும் காற்றுப் படுகிறது. மூன்றாவதுதான் முக்கியம். விழுந்த வேகத்தில் காப்பி கலங்கி, நுரைத்து, அடியில் இருந்த சூடான பகுதி மேலே வருகிறது. ஆடை கட்ட இடமே இல்லை. தூக்கி ஆற்றும் டீக்கடைக்காரர் வெறும் வேடிக்கைக்காக அப்படிச் செய்வதில்லை. (கொஞ்சம் வேடிக்கைக்காகவும்தான்.)

ஊதுவதும் பயன் தருகிறது. காப்பியின் மேல் தங்கியுள்ள ஈரக் காற்றை விலக்கினால், அந்த இடத்துக்கு உலர்ந்த காற்று வருகிறது. ஆனால் நம் மூச்சே ஈரமானது. எச்சில் துளிகளையும் சுமந்து செல்வது. நமக்கான காப்பியை நாமே ஊதிக்கொள்வதில் தவறில்லை. பொதுவாக வைத்த சாம்பார்க் கிண்ணத்தையோ, தம்பி தங்கையின் பாலையோ ஊதுவது வேறு விஷயம். அங்கே தடை சொல்லும் பாட்டியின் பக்கம்தான் நியாயம் இருக்கிறது.

உறிஞ்சுவது? பானத்துடன் காற்றையும் சேர்த்து இழுப்பதால்தான் அந்தச் சத்தம் எழுகிறது. திரவம் சிதறி, காற்றோடு கலந்து, நாக்கைத் தொடுமுன் சற்றுக் குளிர்கிறது. மணமும் மூக்குக்கு ஏறுகிறது. தேயிலையையும் காப்பியையும் சுவைத்துத் தரம் பிரிப்பவர்கள் தொழில்முறையாகவே பலத்த சத்தத்துடன் உறிஞ்சுவார்கள். ஜப்பானில் நூடுல்ஸை உறிஞ்சிச் சாப்பிடுவது குற்றமில்லை. மேலைநாட்டு விருந்து மேசையில் அது குற்றம். எங்கே இருக்கிறீர்களோ, அங்கே உள்ளபடி நடந்துகொள்ளுங்கள்.

நம் வழக்கம் ஒன்றில்தான் எனக்கு அச்சம் உண்டு. எச்சில் படாமல் அண்ணாந்து குடிப்பது தண்ணீருக்கு நல்லது. சூடான காப்பிக்கு அல்ல. உதடு ஒரு நல்ல வெப்பமானி. சூட்டை முதலில் சொல்லி, கையை நிறுத்திவிடும். அண்ணாந்து ஊற்றும்போது அந்தக் காவலாளியைத் தாண்டிக் காப்பி நேரே தொண்டைக்குப் போகிறது. பள்ளிக்கு நேரமாகிவிட்டதென்று நின்றபடியே அண்ணாந்து ஊற்றிக்கொள்ளும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். ஆற்றினால் ஒரு நிமிடந்தானே ஆகும்?

காப்பி கொடுப்பவருக்கும் ஒரு வார்த்தை. டம்ளரைத் தளும்பத் தளும்ப நிரப்பினால் விளிம்பும் சுடும். விருந்தினர் எங்கே பிடிப்பார்? முக்கால் டம்ளர் போதும். அதிலும் பித்தளை, எவர்சில்வரைப்போல ஏறத்தாழ ஏழு மடங்கு வெப்பத்தைக் கடத்தும். கும்பகோணம் பித்தளை செட்டில் கொடுப்பவர்கள் இதை நினைவில் வைக்கலாம். ஓட்டலில் என்றால், பக்கத்தில் இருப்பவர் சட்டையில் தெறிக்காதபடி, ஒரு சாண் உயரத்துக்குள் ஆற்றுங்கள். கோப்பையில் வந்தால், "ஒரு டபரா கிடைக்குமா?" என்று கேளுங்கள். நான் இப்போது எந்த வீட்டிலும் கேட்டுவிடுகிறேன். இதுவரை யாரும் முகம் சுளித்ததில்லை.

விடுமுறையில் ஒரு சோதனை செய்து பாருங்கள். பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, இரண்டு டம்ளர்களில் ஒரே அளவு வெந்நீர் எடுங்கள். ஒன்றை அப்படியே வையுங்கள். மற்றதை டபராவில் நிதானமாக ஆற்றுங்கள். ஒவ்வோர் ஆற்றுக்கும் பின் இரண்டின் வெப்பநிலையையும் குறித்து, வரைபடத் தாளில் கோடு போடுங்கள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது, கெட்டுப்போகும். பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு வெந்நீருக்குப் பதில் பாலை வைத்துச் செய்யுங்கள். ஆற்றாத டம்ளரின் கோடு இம்முறை எப்படி மாறுகிறது என்று பாருங்கள். ஆடையை அவ்வப்போது எடுத்துவிட்டால் என்ன ஆகிறது என்பதையும் பாருங்கள்.