சுரங்கம் மூடிய ஊரின் கிறிஸ்துமஸ்

ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில், செக் நாட்டு எல்லையை ஒட்டி நீள்கிறது எர்ஸ்கெபிர்க என்னும் மலைத்தொடர். 'தாது மலை' என்பது அப்பெயரின் பொருள். அம்மலையில் சுமார் இரண்டாயிரம் பேர் வாழும் சிற்றூர் சைஃபன். டிசம்பர் மாதத்தில் அங்கே மாலை நான்கு மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். கூரைகளிலும் பாதைகளிலும் பனி படிந்து கிடக்கும். அந்த இருட்டில் வீட்டுக்கு வீடு சன்னல்களில் விளக்குகள் ஒளிரத் தொடங்கும்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்காவது ஞாயிற்றுக்கிழமை தொடங்குவது திருவருகைக் காலம். அப்போது ஏற்றப்படும் அந்த விளக்குகள் ஜனவரி தொடக்கம்வரை நாள்தோறும் எரிகின்றன. காண்பவர்களுக்கு அது ஒரு குளிர்ப் பிரதேசத்தின் பண்டிகை அழகு. அதன் வரலாற்றை அறிந்தவர்களுக்கோ, அது ஒரு தொழில் அழிந்த பிறகும் ஓர் ஊர் அழியாமல் நின்றதன் கதை.

ஃப்ரைபெர்க் நகரப் பகுதியில் 1168-இல் வெள்ளி கண்டெடுக்கப்பட்டதிலிருந்து இம்மலையின் வாழ்வு சுரங்கத்தைச் சுற்றியே அமைந்தது. சைஃபன் ஊரில் கிடைத்தது வெள்ளீயம். நீரோடைகளின் மணலை அலசி வெள்ளீயத் தாதுவைப் பிரித்தெடுக்கும் தொழிலையே அவ்வூரின் பெயர் குறிக்கிறது. குளிர்காலத்தில் சுரங்கத் தொழிலாளி விடியுமுன் பூமிக்குள் இறங்கி, இருட்டிய பிறகு மேலே வருவான். வாரக்கணக்கில் அவன் சூரியனைக் காண்பதில்லை. வீடு திரும்புகிறவனுக்கு வழிகாட்டச் சன்னலில் வைக்கப்பட்ட விளக்கு, அவனுக்கு அன்றைய நாளின் ஒரே வெளிச்சம். இம்மக்கள் கிறிஸ்து பிறப்பு விழாவை ஒளியின் விழாவாகக் கொண்டாடுவதற்கு மறைநூல் காரணம் ஒன்று உண்டு. இந்த வாழ்க்கைக் காரணம் மற்றொன்று.

'ஷ்விப்போகன்' எனப்படும் அரைவட்ட விளக்கு வளைவு இம்மலையின் அடையாளம். இன்று கிடைப்பவற்றில் மிகப் பழையது 1740-ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படுகிறது. இரும்பால் ஆன அந்த வளைவின் மேல் மெழுகுவத்திகள் வரிசையாக நிற்கும். பின்னாளில் பரவலான வடிவம் ஒன்றில் சுரங்கத் தொழிலாளர் இருவர், மரம் செதுக்குபவர் ஒருவர், சரிகைப் பின்னல் பின்னும் பெண் ஒருத்தி ஆகியோர் இடம்பெற்றிருக்கிறார்கள். அம்மலைக்குச் சோறு போட்ட தொழில்கள் இவைதாம். பண்டிகை விளக்கிலேயே தம் பிழைப்பின் வரலாற்றைப் பதித்துவைத்திருக்கிறார்கள்.

தாது குறையத் தொடங்கியபோது மக்கள் மரத்தை நாடினார்கள். 1849-இல் சைஃபனில் சுரங்கத் தொழில் முற்றிலும் நின்றுபோயிற்று. ஆனால் மாற்றுத் தொழில் அன்று திடீரென வானத்திலிருந்து குதிக்கவில்லை. மலையெங்கும் மரம் இருந்தது. தாதுவை இடிக்கும் ஆலைகளைச் சுழற்றிய ஓடை நீரைக் கொண்டே கடைசல் பொறிகளையும் சுழற்ற முடிந்தது. கை வேலையில் பழகிய மக்கள் இருந்தார்கள். மூலப்பொருள், ஆற்றல், திறன் ஆகிய மூன்றும் ஏற்கெனவே கையில் இருந்ததால்தான் அந்த மாற்றம் இயன்றது.

அவர்கள் கண்டறிந்த ஒரு நுட்பம் வியப்புக்குரியது. ஈரமான மரத்தண்டிலிருந்து வட்டமாக அறுத்த துண்டைக் கடைசல் பொறியில் சுழலவிட்டு, உளியால் பள்ளமும் மேடுமாகக் கடைந்து ஒரு வளையமாக்குகிறார்கள். அந்த வளையத்தைப் பணியாரம் வகிர்வது போலக் குறுக்கே பிளந்தால், ஒவ்வொரு கீற்றும் ஒரு குதிரையாகவோ பசுவாகவோ வெளிப்படும். கடைபவர் வேலை நடக்கும்போது விலங்கின் உருவத்தைப் பார்ப்பதில்லை. பிளந்த பிறகே அது தெரியும். ஒரே வளையத்தில் பல பத்து உருவங்கள் கிடைத்ததால் அடக்க விலை குறைந்தது. உலகச் சந்தையின் கதவு சைஃபனுக்குத் திறந்தது.

இதை வெறும் வெற்றிக் கதையாகச் சொல்லிவிட்டுப் போவது நேர்மையாகாது. விலையைத் தீர்மானித்தவர்கள் பெருவணிகர்களே. வீடே பட்டறையான அந்தக் குடும்பங்களில் பள்ளிப் பருவத்துக் குழந்தைகளும் இரவில் கண்விழித்துப் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டினார்கள். மற்ற நாட்டுக் குழந்தைகளின் கிறிஸ்துமஸ் மகிழ்ச்சிக்காக இந்தக் குழந்தைகளின் உறக்கம் செலவாயிற்று.

அந்த வறுமையிலும் அவர்களுக்கு நகைச்சுவை குன்றவில்லை. 1870-ஐ ஒட்டி இவ்வூரைச் சேர்ந்த வில்ஹெல்ம் ஃபிக்ட்னர் செய்த கொட்டையுடைக்கும் பொம்மை உலகப் புகழ் பெற்றது. அரசன், படைவீரன், காவலர் என்று அதிகாரம் படைத்தவர்களின் உருவத்தில் பொம்மை செய்து, அவர்கள் வாயில் கெட்டியான கொட்டைகளைத் திணித்து உடைக்க வைத்தார்கள். இன்னொன்று, வயிற்றுக்குள் சாம்பிராணி வில்லையை வைத்தால் வாய்வழியே புகைவிடும் மரமனிதன். குங்கிலியமும் கரித்தூளும் கலந்த அந்த மணம் வீட்டில் பரவினால்தான் அங்கே கிறிஸ்துமஸ் வந்ததாக அர்த்தம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு உணவிலும் பொருளாதாரம் கலந்திருக்கிறது. 'நொய்னர்லை' எனப்படும் அந்த விருந்தில் ஒன்பது வகை உணவு பரிமாறப்படும். மைசூர்ப் பருப்பைப் போன்ற பயறு உண்டால் சில்லறைக் காசுக்குக் குறைவிராது. உருளைக்கிழங்கு உருண்டை உண்டால் பெரும்பணம் சேரும் என்பது நம்பிக்கை. தட்டின் கீழே ஒரு நாணயம் வைப்பதும் உண்டு. அடுத்த மாதக் கூலி நிச்சயமில்லாத மக்களின் வேண்டுதல் அது.

கிழக்கு ஜெர்மனியின் பொதுவுடைமை ஆட்சி 1972-இல் எஞ்சியிருந்த தனியார் தொழிற்கூடங்களை அரசுடைமையாக்கியது. பொம்மைகள் அந்நியச் செலாவணிக்காக மேற்கு நாடுகளுக்கு ஏற்றுமதியாயின. உள்ளூர்க் கடைகளில் அவை அரிதாயின. சமயத்தோடு இணக்கமில்லாத ஓர் அரசு, சமய விழாவின் பொருள்களை விற்றுச் செலாவணி ஈட்டியது வரலாற்றின் முரண். 1990-இல் ஜெர்மனி ஒன்றிணைந்த பிறகு குடும்பப் பட்டறைகள் மீண்டும் எழுந்தன.

பொருளாதார அறிஞர் ஜோயல் வால்ட்ஃபோகல் 1993-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்று எங்கள் துறையில் பிரபலம். பண்டிகைப் பரிசுகளின் மதிப்பில் பத்து விழுக்காடு முதல் மூன்றில் ஒரு பங்குவரை வீணாகிறது என்பது அவருடைய கணிப்பு. கொடுப்பவர் செலவிட்ட தொகையளவுக்குப் பெறுபவர் அப்பொருளை மதிப்பதில்லை என்பதே அதன் அடிப்படை. பட்டறைக்கு வேலை கிடைக்கிறதே என்று கூறி இந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது; வேண்டாத பொருளைச் செய்து குவிப்பதும் உழைப்பை வீணாக்குவதுதான்.

ஆனால் அந்த ஆய்வு, பரிசோடு ஒட்டிய உணர்வின் மதிப்பை ஒதுக்கிவைத்துவிட்டே கணக்கிட்டது. தாது மலையின் வழக்கப்படி, வீட்டில் பிறந்த ஒவ்வொரு மகனுக்கும் ஒரு சுரங்கத் தொழிலாளி பொம்மையும், ஒவ்வொரு மகளுக்கும் ஒரு தேவதைப் பொம்மையும் கையில் மெழுகுவத்தியோடு சன்னலில் நிற்கும். தெருவில் நடப்பவர் அதைப் பார்த்தே அந்த வீட்டில் எத்தனை குழந்தைகள் என்று எண்ணிவிடலாம். ஆண்டுக்கொருமுறை பெட்டியிலிருந்து எடுத்துத் துடைத்து வைக்கப்பட்டு, தலைமுறை தாண்டியும் நிற்கும் அப்பொருளுக்கு உணர்வைக் கழித்துவிட்டு எந்த விலையைப் போடுவது?

இன்று இவ்வூரின் சிக்கல் வேறு வகையானது. மலிவான இயந்திரப் போலிகள் சந்தையில் குவிகின்றன. ஆண்டின் சில வார விற்பனையை நம்பியிருக்கும் தொழிலுக்கு ஒரு பருவம் பொய்த்தாலும் பேரிழப்பு. கரோனா காரணமாக 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளும் சாக்சனியில் கிறிஸ்துமஸ் சந்தைகள் நடைபெறாமல் போனபோது அது கண்கூடாகத் தெரிந்தது. இளைஞர்கள் பெருநகரங்களை நோக்கிப் போவது கிழக்கு ஜெர்மனியின் நாள்பட்ட நோய். இவற்றுக்கு நடுவே மரப்பொம்மைத் தொழிலை முறையான தொழிற்கல்வியாக அங்கேயே கற்பிக்கிறார்கள். 2019-இல் இம்மலையின் சுரங்க நிலப்பரப்பு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. பட்டியல் பெருமை தரும். பட்டறைக்கு ஆளைத் தருவது கல்விதான்.

கோலார் தங்கவயல் 2001-இல் மூடப்பட்டபோது, தலைமுறைகளாக அங்கே உழைத்த தமிழ்க் குடும்பங்களுக்கு இத்தகைய இரண்டாவது தொழில் எதுவும் காத்திருக்கவில்லை. பெங்களூருக்குப் போகும் விடியற்காலை ரயில்தான் அவர்களுக்கு மிஞ்சியது. நிலக்கரியைக் கைவிட உலகம் தீர்மானித்துவரும் இக்காலத்தில் இன்னும் பல சுரங்க ஊர்கள் அந்த நிலையை எதிர்கொள்ளப் போகின்றன. மூடும் நாளுக்குப் பிறகு மாற்றுத் தொழிலைத் தேடுவது பயன் தராது. சுரங்கம் இயங்கும்போதே அது தழைக்க வேண்டும் என்பதே சைஃபன் சொல்லும் பாடம்.

கடைசிச் சுரங்கத் தொழிலாளி சைஃபனில் மேலேறி வந்து நூற்று எழுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. சன்னலில் அவன் இன்னும் விளக்கேந்தி நிற்கிறான். அங்கே அவன் நிற்க வேண்டுமென்றால் அந்த வீட்டில் குழந்தைகள் பிறக்க வேண்டும். குழந்தைகள் பிறக்க வேண்டுமென்றால், பெற்றோருக்கு அந்த ஊரிலேயே பிழைப்பு இருக்க வேண்டும்.