ஆரத்தி சிவக்கலாம்... ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேரக் கூடாது!

புதுக்கோட்டை மாவட்டம் மணமேல்குடியில் கல்யாணம், காதுகுத்து என எந்த விசேஷம் நடந்தாலும் ஆரத்தி இல்லாமல் இருக்காது. மஞ்சள் கரைத்த தண்ணீரில் கொஞ்சம் சுண்ணாம்பைச் சேர்த்ததும் தட்டு முழுக்கச் செக்கச்செவேல் என்று மாறிவிடும். குங்குமம் போடாமலே இந்தச் சிவப்பு எப்படி வந்தது?

பதிலைத் தேட ஊரை ஒட்டிய கடலுக்குப் போகலாம். ஒரு லிட்டர் கடல்நீரில் பொதுவாகச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். வெயிலில் வற்றவிட்டால் அந்த உப்பு அப்படியே கிடைத்துவிடும். உப்பும் தண்ணீரும் கலந்திருந்தனவே தவிர, புதிதாக எதுவும் உருவாகவில்லை. இது இயற்பியல் மாற்றம். பாலில் தண்ணீர் ஊற்றுவதும் இதே ரகம்தான்.

ஆரத்தி கதை வேறு. மஞ்சளில் இருக்கும் குர்குமின், சுண்ணாம்பின் காரத்தோடு வினைபுரிந்து சிவப்பு நிறப் பொருளாகிறது. இது வேதியியல் மாற்றம்.

நுரை வந்தால் போதுமா?

நிறம் மாறுவது, சூடாவது, நுரை பொங்குவது, புது வாசனை வருவது எல்லாம் வேதியியல் மாற்றத்தின் அறிகுறிகள். ஆனால், அவற்றை மட்டும் நம்ப முடியாது. சோடா பாட்டிலைத் திறந்தாலும் நுரை பொங்கும். அது ஏற்கெனவே அழுத்திக் கரைக்கப்பட்ட வாயு வெளியேறுவது. எலுமிச்சைச் சாற்றில் ஆப்பசோடாவைப் போட்டால் வரும் நுரையோ, அந்த நொடியில் புதிதாக உருவான வாயு.

'பழையபடி திரும்பாவிட்டால்தான் வேதியியல் மாற்றம்' என்பதும் எப்போதும் சரிவராது. ஆரத்தித் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்தால் மஞ்சள் நிறம் திரும்பிவிடும். அதுவும் ஒரு வேதிவினைதான். எனவே, கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: கலந்த பிறகு புதுப் பொருள் உருவானதா?

பாத்ரூமில் உஷார்!

பரீட்சையில் இதைத் தவறாக எழுதினால் மதிப்பெண் போகும். வீட்டில் தவறினால் உயிரே போகலாம். கறை போகவில்லை என்று, ஆசிட் ஊற்றிய தரையிலேயே பிளீச்சிங் பவுடர் கரைசலையும் சிலர் ஊற்றுகிறார்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு உருவாகும். முதல் உலகப் போரில், 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்கு அருகே ஜெர்மன் படை ஆயுதமாக ஏவியதும் இதே வாயுவைத்தான்.

குளோரின், காற்றைவிடக் கனமானது. அதனால் சின்ன பாத்ரூமில் தரையை ஒட்டித் தேங்கிவிடும். கண் எரியும், இருமல் வரும், மூச்சு திணறும்.

அப்படி நடந்தால் சுத்தம் செய்துகொண்டு நிற்காதீர்கள். உடனே வெளியேறி, காற்றோட்டமான இடத்துக்குப் போங்கள். மூச்சுத் திணறினால் 108-ஐ அழையுங்கள். கழிவறை சுத்தம் செய்யும் திரவங்கள் பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருப்பதால், லேபிளைப் படித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். ஒரு நேரத்தில் ஒரே பொருள் போதும்.

ஆரத்தித் தட்டில் மட்டும் கலந்து பார்க்கலாம். பாத்ரூமில் வேண்டாமே!