கறையான் வளர்க்கும் காளான்

நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ, விடிந்ததும் திருமயம் பக்கத்துக் கோயில்காடுகளுக்குள் கேமராவோடு நுழைந்துவிட வேண்டும். காசா, வீரை, பாலை மரங்களின் நிழலில், கறையான் புற்றை ஒட்டிய ஈர மண்ணைக் கீறிக்கொண்டு கூர்முனைக் குடைகள் நிற்கும். புற்றுக்காளான். இடி இடித்து முளைத்தது என்பார்கள். மழை ஈரம் அதை மேலே அழைத்ததென்பது சரி, வளர்த்தது கறையான்.

காய்ந்த இலையையும் மரத்துகளையும் தின்னும் கறையான், அரைகுறையாகச் செரித்த எச்சத்தைப் புற்றுக்குள் கடற்பஞ்சு போல அடுக்குகிறது. அதில் படரும் பூஞ்சை (மண்ணுக்கு மேல் குடை விரித்தால் அதுதான் புற்றுக்காளான்), கறையானால் செரிக்க முடியாத மரச்சத்தை உடைத்துக் கொடுக்கிறது. பூஞ்சையில் அரும்பும் வெள்ளை மணிகளும் பழைய அடுக்கும் கறையானுக்கு உணவு. ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளாக நடக்கும் வேளாண்மை இது! இயற்கை அறிஞர் லின்னேயஸின் மாணவர் கோனிக், தரங்கம்பாடிக்கு வந்து தமிழ்நாட்டுக் கறையான்களை ஆராய்ந்து, 1779இல் வெளியிட்ட கட்டுரையில் புற்றுக்குள் வளரும் இந்தப் பூஞ்சையைப் பற்றி எழுதினார். இதன் இனங்களுள் ஒன்றுக்கு 'டெர்மிட்டோமைசஸ் ஹைமி' என்று 1979இல் பெயர் சூட்டியவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நடராஜன்.

குடையை மேலிருந்து எடுத்த படம் இனத்தைச் சொல்லாது. தரையில் படுத்து, லென்ஸைக் காளானின் மட்டத்துக்கு இறக்குங்கள். ஃபிளாஷ் வேண்டாம், வெள்ளைக் குடை வெளிறிவிடும். அடியில் வெள்ளைத்தாளைச் சாய்த்துப் பிடித்தால் செவுள் மடிப்புகள் துலங்கும். அளவு தெரிய ஒரு நாணயம். ஆனால் புற்றுக்காளானின் அடையாளமே மண்ணுக்கடியில், பூஞ்சை அடுக்கு வரை வேர்போல நீளும் அதன் தண்டுதான். அதற்காகக் கோயில்காட்டுப் புற்றைத் தோண்டக் கூடாது: அது சாமி, பாம்பும் இருக்கும். வயல் வரப்பில் யாராவது காளான் பறிக்கும்போது பக்கத்தில் இருந்து எடுத்தால் போதும்.

ஒரு குடையைத் தாளில் கவிழ்த்துக் கிண்ணத்தால் மூடி வைத்தால், காலையில் இளஞ்சிவப்பு வித்துத்தூள் படிந்திருக்கும். புல்வெளியில் முளைக்கும், பார்வைக்கு இதுபோன்ற ஒரு நச்சுக்காளான் பச்சையாகப் படியும். ஆனாலும் படத்தையோ தூளையோ நம்பி எதையும் சமைத்துவிடாதீர்கள்.

எல்லாக் குடைகளையும் பறிக்கவும் வேண்டாம். இந்த வித்துத்தூளை இரையோடு சுமந்துபோய்த்தான் பக்கத்துப் புதுப் புற்றுக் கறையான்கள் தங்கள் முதல் விதைப்பைத் தொடங்குகின்றன.